0.47 மில்லிமீற்றர்: தீவகத்துக் கூரைத் தகட்டின் கணக்கு

நெடுந்தீவில் 60 சதுர மீற்றர் கூரை ஒன்றைத் தகட்டால் மூடுவதற்கு ஏறக்குறைய 248 கிலோகிராம் வேண்டும். நெளிவுக்கும் மேற்படிவுக்கும் சேர்த்து, ஒரு சதுர மீற்றர் கூரைக்கு 1.2 சதுர மீற்றர் தட்டைத் தகடு போகும் என்று கொள்கிறேன். மொத்தம் 72 சதுர மீற்றர். 0.42 மில்லிமீற்றர் உருக்கின் நிறை சதுர மீற்றருக்கு 3.30 கிலோ. அதன் இரு முகத்திலும் சேர்த்து 150 கிராம் அலுமினிய–துத்தநாகப் பூச்சு. ஆக 3.45 கிலோ. 72 தடவை 3.45 என்றால் 248.

இதே கூரைக்கு 0.30 மில்லிமீற்றர் உருக்கில் செய்த சீற் வாங்கினால் 180 கிலோ போதும். 68 கிலோ மிச்சம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே நிறம், ஒரே நெளிவு, ஒரே பளபளப்பு. வாங்குபவர் தடிப்பைக் கேட்பார், நிறத்தைக் கேட்பார், விலையைக் கேட்பார். அந்தத் தகடு எவ்வளவு இழுவையைத் தாங்கும், எவ்வளவு நீண்ட பின் கிழியும், எந்தத் திசையில் முதலில் கிழியும் என்ற மூன்றையும் எவரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த மூன்று கேள்விகளின் கணக்கு.

கணக்கை ரூபாவில் எழுதாமல் கிலோவில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தகட்டுச் சுருள் நமக்கு இறக்குமதிச் சரக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் 203 ரூபாவுக்குக் கட்டி வைத்திருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. சுருளின் டொலர் விலை அசையாமல் இருந்திருந்தாலும் ரூபா விலை 1.77 மடங்காகியிருக்கும். அப்படி ஆடும் நாணயத்தில் எழுதிய கணக்கு அடுத்த ஆண்டுக்கு உதவாது. கிலோ மாறாது.

தீவகத்துக்கு இந்தக் கிலோ கூடுதலாகக் கனக்கும். யாழ்ப்பாணத்தில் லொறியில் ஏறும் சீற் பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வருகிறது. அங்கே லொறியிலிருந்து இறக்கி, படகில் ஏற்றி, நயினாதீவிலோ நெடுந்தீவிலோ மறுபடி இறக்கி, உழவு இயந்திரத்தில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்க வேண்டும். ஊர்காவற்றுறைக்காரருக்குத் தரைவழி உண்டு, அவர் தப்பினார். நெடுந்தீவுக்காரருக்கு ஒரு மணி நேரக் கடல். மடிந்த சீற்றும் வெடித்த முகட்டுத் தகடும் திரும்பிப் போவதில்லை. அவை அங்கேயே கோழிக்கூட்டுக்குப் போகும், புதியது மறுபடி கடல் கடக்கும். தீவில் ஒரு தகடு பழுதானால் அதன் ஏற்றுகூலியும் இறக்குகூலியும் இரண்டாம் முறை எழுதப்படுகின்றன.

கூரை போனால் தண்ணீரும் போகும் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். யாழ்ப்பாணப் பகுதியின் ஆண்டு மழை சுமார் 1,250 மில்லிமீற்றர். தரைப்பரப்பு 50 சதுர மீற்றராக விழும் ஒரு கூரையில் அது 62,500 லீற்றர். ஐந்தில் ஒன்று வீணாகப் போனாலும் 50,000 லீற்றர் பீலி வழியே தொட்டிக்கு வரும். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 20 லீற்றர் என்றால் ஆண்டுக்கு 36,500 லீற்றர். உவர்க் கிணறுகளுடைய தீவுகளில் கூரைத் தகடு ஒரு நீர் ஆதாரம்.

இனிக் காற்று. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளிக்குப் பிறகு, 1980-இல், பலத்த காற்றுக்கு ஏற்பக் கட்டடம் அமைப்பதற்கான கையேடு இலங்கையில் வெளியானது. அது நாட்டை மூன்று வலயங்களாகப் பிரித்துச் சாதாரணக் கட்டடங்களுக்கு செக்கனுக்கு 49, 43, 33 மீற்றர் என்று வேகம் குறித்தது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 33 மீற்றரில் 653 பாஸ்கல். 49 மீற்றரில் 1,441. வேகம் ஒன்றரை மடங்கானபோது அழுத்தம் 2.2 மடங்கு. கூரையின் ஓரத்தில் மேல்நோக்கிய உறிஞ்சல் இதன் ஒன்றரை மடங்கு என்று கொண்டால், 49 மீற்றர் காற்றில் ஒரு சதுர மீற்றரை 2,160 நியூற்றன் தூக்கும். 220 கிலோ நிறைக்குச் சமம். தகட்டின் சொந்த நிறையோ நான்கு கிலோவைச் சுற்றித்தான். மீதி அத்தனையையும் திருகாணித் தலைக்குக் கீழே உள்ள சில மில்லிமீற்றர் தகடுதான் பிடித்து வைத்திருக்கிறது.

அந்தச் சில மில்லிமீற்றரைப் பற்றி நமக்கு ஏதாவது தெரிய வேண்டுமானால் ஒரே வழி, அதே சுருளிலிருந்து ஒரு துண்டு வெட்டி இழுத்துப் பார்ப்பது. இழுவைச் சோதனை என்பது அவ்வளவுதான். நடுவில் இடுப்புப் போல ஒடுக்கி வெட்டிய கீலம். இரு முனையையும் பொறியின் தாடை பிடிக்கும். ஒரு முனை மெல்ல விலகும். விசையையும் நீட்சியையும் கருவி பதிந்துகொண்டே போகும். விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் தகைப்பு. நீட்சியை ஆரம்ப நீளத்தால் வகுத்தால் விகாரம்.

வகுப்பதில்தான் முதல் பிழை நுழைகிறது. சந்தையில் 0.47 என்று விற்கும் தகட்டில் உருக்கு 0.42 மட்டுமே, மிச்சம் பூச்சு. பூச்சு துருவைத் தடுக்கும், இழுவையைத் தாங்காது. 12.5 மில்லிமீற்றர் அகலக் கீலம் 2,888 நியூற்றனில் இளகியது, அதாவது மீளாமல் நீளத் தொடங்கியது, என்று வைத்துக்கொள்வோம். 0.42-ஐ வைத்து வகுத்தால் பரப்பு 5.25 சதுர மில்லிமீற்றர், இளகல் வலிமை 550 மெகாபாஸ்கல். வெளித்தடிப்பு 0.47-ஐ வைத்து வகுத்தால் 5.875, விடை 492. ஒரே கீலம், ஒரே விசை, 58 மெகாபாஸ்கல் வித்தியாசம். திருப்பிப் பார்த்தால் இன்னும் மோசம்: சான்றிதழில் 550 என்று கண்டு, கையில் உள்ள தடிப்பை 0.47 என்று நம்பிக் கூரையைக் கணக்கிடுபவர் இல்லாத 12 சதவீத உருக்கை எண்ணிவிடுகிறார். அதனால் பூச்சை அமிலத்தில் கரைத்து, வெறும் உருக்கை அளந்த பிறகே வகுக்க வேண்டும்.

550 என்ற எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. மெல்லிய கூரைத் தகடுகளில் பரவலாகப் பயன்படும் ஜி550 என்ற தரம், குளிர் உருட்டலில் நசுக்கி நசுக்கி வலிமை ஏற்றப்பட்டது. வலிமை ஏறியபோது நீளும் தன்மை போய்விட்டது. அவுஸ்திரேலியத் தரவிதி அதற்குக் கேட்கும் குறைந்தபட்ச நீட்சி வெறும் 2 சதவீதம். அதே விதியில் ஜி300 என்ற மென்மையான தரத்துக்கு 20 சதவீதம். 1974 டிசம்பர் 25 அதிகாலை டார்வின் நகரை டிரேசி சூறாவளி அடித்தபோது, கூரைகள் ஒரே இழுப்பில் போகவில்லை. காற்று விட்டு விட்டு இழுத்ததில் திருகாணித் துளைகளைச் சுற்றித் தகட்டில் வெடிப்பு ஓடி, பின்பு சீற்றுகள் ஆணியை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பின. அசையாத சுமையில் தேறிய தகடுகள் அவை. அதன் பிறகே 10,000 தடவை சுமை ஏற்றி இறக்கும் சோதனை டார்வினில் கட்டாயமாக்கப்பட்டது. 1977-இல் டவுன்ஸ்வில்லில் சூறாவளிச் சோதனை நிலையம் தொடங்கப்பட்டது.

அந்தச் சூறாவளிச் சோதனைத் துறையில் நீண்டகாலம் உழைத்தவர்களில் ஒருவர் இலங்கையிலிருந்து சென்ற பேராசிரியர் மகேன் மகேந்திரன். டவுன்ஸ்வில்லில் நெளிதகடுகளின் களைப்பு முறிவை ஆராய்ந்தவர், பின்னர் பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்துத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் மகாராச்சியுடன் சேர்ந்து, திருகாணியைச் சுற்றித் தகடு பிளக்கும் விதத்தைக் கணினியில் கட்டிக் காட்டினார். கணினிக்குத் தகடு எப்போது பிளக்கும் என்று தானாகத் தெரியாது. எந்த விகாரத்தில் பிளவு தொடங்குகிறது என்ற எண்ணை இழுவைச் சோதனைக் கீலத்திலிருந்து எடுத்துத்தான் அவர்கள் அதற்குக் கொடுத்தார்கள். இந்தத் துறையின் முழு ஒழுக்கமும் அதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சிட்னியில் ரொஜர்ஸும் ஹான்கொக்கும் 1997-இல் வெளியிட்ட சோதனைகள் இன்னொன்றைக் காட்டின. ஜி550 தகட்டில் உருட்டிய திசையில் வெட்டிய கீலத்தைவிடக் குறுக்கே வெட்டிய கீலம் குறைவாகவே நீள்கிறது. நீளும் கொஞ்சமும் முறியும் இடத்தைச் சுற்றியே குவிகிறது. 0.6 மில்லிமீற்றருக்கும் மெல்லிய ஜி550-க்கு அவுஸ்திரேலிய வடிவமைப்பு விதி இளகல் வலிமையின் 75 சதவீதத்தை, அதிகபட்சம் 410 மெகாபாஸ்கலை மட்டுமே கணக்கில் எடுக்க அனுமதிக்கிறது. முத்திரையில் 550, கணக்கில் 410. இடையே காணாமல் போன 140 மெகாபாஸ்கல், நீளாத தகட்டுக்குக் கட்டும் தண்டம்.

நீட்சிச் சதவீதத்தைப் படிக்கும்போது எந்த நீளத்தில் அளந்தது என்று பார்க்காவிட்டால் அந்த எண் ஏமாற்றும். ஒரு கீலம் சீராக 1 சதவீதம் நீண்டு, முறியும் இடத்தில் மட்டும் மேலதிகமாக 0.6 மில்லிமீற்றர் இழுபட்டது என்று கொள்ளுங்கள். 50 மில்லிமீற்றரில் அளந்தால் 2.2 சதவீதம். 80 மில்லிமீற்றரில் அளந்தால் 1.75. முறிவைச் சுற்றி 10 மில்லிமீற்றரில் அளந்தால் 7. ஜப்பானிய மரபுக் கீலம் 50-இல் அளக்கும், ஐரோப்பியக் கீலம் 80-இல் அளக்கும். பல நாட்டுச் சுருள் வந்து சேரும் நம் சந்தையில் இரண்டு சான்றிதழை அருகருகே வைத்து ஒப்பிடுபவர் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

பீலிக்கு வருவோம். ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ தகட்டு வேலை செய்பவர் 90 பாகைக்கு மடக்குகிறார். கையை எடுத்ததும் தகடு கொஞ்சம் விரிகிறது. அவர் இதைக் கைப்பழக்கத்தால் சரிசெய்வார். எண்ணில் சொன்னால், 0.42 மில்லிமீற்றர் தகட்டை 10 மில்லிமீற்றர் ஆரத்தில் மடக்கினால் ஜி550 ஏறக்குறைய 17.5 பாகை திரும்பும். ஜி300 சுமார் 9.5 பாகை. இரண்டுக்கும் விறைப்பு ஒன்றே, 200 கிகாபாஸ்கல். வித்தியாசம் முழுவதும் இளகல் வலிமையிலிருந்து வருகிறது. ஒரே கடையில் வாங்கிய இரண்டு சீற் இரண்டு விதமாக மடிகிறதென்றால் பெரும்பாலும் அவை இரண்டு தரம். கைக்குத் தெரிந்தது ரசீதில் எழுதப்படுவதில்லை.

மடிப்பதோடு வேலை முடிந்தால் கைப்பழக்கம் போதும். ஓட்டின் தோற்றத்தில் படி படியாக அழுத்திய கூரைத் தகடுகள் இப்போது விருப்பமாக வாங்கப்படுகின்றன. அவற்றின் கதை வேறு. அந்தப் படியை அச்சு அழுத்தும்போது தகடு மடிவதோடு நீளவும் வேண்டும். 20 மில்லிமீற்றர் அகலத்தில் 15 மில்லிமீற்றர் இறங்கும் ஒரு படியை எடுத்துக்கொண்டால், சரிவின் நீளம் 25. பக்கத்திலிருந்து தகடு உள்ளே இழுபட்டு வராவிட்டால் 25 சதவீத நீட்சி. பாதியளவு உள்ளே வந்தால் 12.5. ஜி550-க்கு இரண்டும் எட்டாது. ஜி300-க்கு முதலாவது எட்டாது, இரண்டாவது எட்டும். ஐரோப்பிய விதியின் டிஎக்ஸ்54டி என்ற மென்தகடு 80 மில்லிமீற்றரில் 36 சதவீதம் வரை உறுதி தருகிறது. அதற்கு இரண்டும் எட்டும், ஆனால் கூரைக்கு வேண்டிய வலிமை குறையும். உண்மையில் எவ்வளவு உள்ளே இழுபடும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் சிமுலேசன் எனப்படும் கணினி ஒத்திகை. உருக்கில் அச்சு வெட்டுவதற்கு முன்பே, எங்கே கிழியும், எங்கே சுருங்கும், எவ்வளவு திரும்பும் என்று திரையில் பார்த்துவிடலாம்.

அந்த ஒத்திகை நம்பத்தக்கதா என்பது அதற்குக் கொடுக்கும் இழுவை வளைவைப் பொறுத்தது. இதில் உள்ள பொறியை எண்களோடு காட்டுகிறேன். ஒரு மென்தகட்டின் வளைவை, விகாரத்தின் 0.22-ஆம் அடுக்கை 530-ஆல் பெருக்கி வரும் சமன்பாட்டால் எழுதலாம். அந்த 0.22-ஐத்தான் கடினமாதல் சுட்டெண் என்கிறார்கள். பிரெஞ்சுப் பொறியாளர் கொன்சிடேர் 1885-இல் காட்டியபடி, மெய்விகாரம், அதாவது ஆரம்ப நீளத்தால் அல்லாமல் அவ்வப்போதைய நீளத்தால் வகுத்துக் கூட்டிய விகாரம், அந்தச் சுட்டெண்ணைத் தொடும்போது கீலத்தின் இடை சிறுக்கத் தொடங்கும். நம் தகட்டில் அது 24.6 சதவீத நீட்சி. அப்போது மெய்த்தகைப்பு 380 மெகாபாஸ்கல், சான்றிதழில் வரும் உச்ச வலிமை 305. அதற்கு மேல் சாதாரணச் சோதனை பேசாது. ஆனால் அச்சின் கூர்மூலையில் தகடு 0.6 மெய்விகாரத்தையும் தொடும். ஆக 0.22-இலிருந்து 0.6 வரை வளைவை ஊகித்தே நீட்ட வேண்டும். மேற்கண்ட சமன்பாட்டையே நீட்டினால் 0.6-இல் 474 மெகாபாஸ்கல். வொசே என்பவர் பெயரால் வழங்கும், ஓரிடத்தில் தேங்கி நிற்கும் சமன்பாட்டை அதே 380-இலும் அதே சரிவிலும் பொருத்தி 430-இல் தேங்கவிட்டால் 427. அளந்த பகுதியில் 0.1 விகாரத்தில் இரண்டுக்கும் இடைவெளி 14. அளக்காத இடத்தில் 47. கிழியுமா தாங்குமா என்ற தீர்ப்பு அந்த 47-இல் மாறிவிடும்.

அதைத் தீர்க்க வழி உண்டு. வட்டத் தகட்டை விளிம்பில் பிடித்து எண்ணெய் அழுத்தத்தால் குமிழாக ஊதினால், இதே சுட்டெண்ணுக்கு 0.52 விகாரம் வரை தகடு நிலைகுலையாமல் போகும். ஊகிக்க வேண்டிய தூரம் 0.38-இலிருந்து 0.08 ஆகச் சுருங்கும். அல்லது கீலத்தின் மேல் கறுப்பு வெள்ளைப் புள்ளி தெளித்து, இரு கமராவால் இடைசிறுத்த இடத்தையே தொடர்ந்து படம்பிடித்து விகாரம் அளக்கலாம்.

திசைக் கணக்கும் இருக்கிறது. உருட்டிய தகடு மரப்பலகையைப் போல நாரோட்டம் கொண்டது. அதனால் உருட்டிய திசைக்கு 0, 45, 90 பாகையில் கீலம் வெட்ட வேண்டும். இழுக்கும்போது அகலத்தில் ஒடுங்கும் விகாரத்தைத் தடிப்பில் மெலியும் விகாரத்தால் வகுத்து வரும் எண்ணை லாங்க்போர்டும் தோழர்களும் 1950-இல் வாகனத் தகடுகளுக்குப் பயன்படுத்தினார்கள். அந்த எண் பெரிதாக இருந்தால் தகடு எளிதில் மெலியாது. மூன்று திசையில் 1.8, 1.3, 2.1 என்று வந்தால், 45 பாகையை இரு தடவை எண்ணும் சராசரி 1.63. இதை அளக்கும் கையின் நேர்த்திக்கு ஒரு கணக்கு: 20 மில்லிமீற்றர் அகலக் கீலத்தை 20 சதவீதம் இழுத்த பின் அகலம் 17.79 என்றால் எண் 1.80. அளவி 0.05 மில்லிமீற்றர் கூட்டிக் காட்டினால் 1.68. ஒரு கடதாசியின் பாதித் தடிப்பு அந்த எண்ணை ஏழு சதவீதம் சாய்த்துவிடுகிறது.

இப்போது செலவுப் பக்கம். மூன்று திசை, திசைக்கு மூன்று கீலம், மொத்தம் 9. ஒவ்வொன்றுக்கும் 250-க்கு 30 மில்லிமீற்றர் துண்டு. ஒன்பதுக்கும் சேர்த்து 0.0675 சதுர மீற்றர், 233 கிராம். ஐந்து தொன் சுருள் ஒன்றில் இது 21,000-இல் ஒரு பங்கு. பன்னாட்டு விதி சொல்லும் செக்கனுக்கு 0.0067 விகார வேகத்தில் 40 சதவீதம் நீளும் மென்தகட்டை இழுக்க ஒரு நிமிடம். இளகும் பகுதியை இன்னும் மெதுவாக, 0.00025 வேகத்தில் இழுக்கும் நேரத்தைச் சேர்த்தாலும் ஒரு கீலத்துக்குச் சில நிமிடங்களே. கீலம் வெட்டுவதும் விளிம்பைச் சீராக்குவதும் அளப்பதும்தான் நேரம் எடுக்கும். எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது? நெடுந்தீவுக் கூரை ஒன்றே 248 கிலோ. சோதனைத் துண்டின் ஆயிரம் மடங்குக்கு மேல். கிழிந்த படியோடு திருப்பி அனுப்பப்படும் ஒரே ஒரு தொகுதி, ஒரு சுருளின் சோதனைச் செலவைப் பல தடவை விழுங்கிவிடும்.

தீவகத்துக்கு வரும் தகடு கூரையோடு நிற்பதில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் கலப்பு மின்திட்டம் ஒன்று 2022 மார்ச்சில் ஒப்பந்தமானது: சூரியக்கலம் 1,700 கிலோவாற், காற்றாலை 530 கிலோவாற், 2,400 கிலோவாற் மணி மின்கலம், மாற்றுக்கு 2,500 கிலோவாற் டீசல். சூரியக்கலத் தாங்கிகள் பொதுவாகத் துத்தநாகம் பூசிய தகட்டை உருட்டி மடித்தே செய்யப்படுகின்றன. கடற்காற்றில் நிற்கும் ஒவ்வொரு தாங்கியின் மடிப்பிலும் மேற்சொன்ன கணக்கு அத்தனையும் உண்டு.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. வடக்கில் விற்கும் கூரைத் தகடுகளை ஆண்டுக்கு ஒருமுறை கடையிலேயே வாங்கி, பூச்சு நீக்கிய தடிப்பு, மூன்று திசை இளகல் வலிமை, அளந்த நீளத்தோடு நீட்சி, பூச்சின் நிறை ஆகியவற்றை ஒரு பட்டியலாகத் தமிழில் வெளியிடும்படி அந்தப் பீடத்தைக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர் பயிற்சிக்கு இதைவிடப் பயனுள்ள வேலை இல்லை. பிரதேச சபைகள் வீட்டுத்திட்டக் கூரைகளுக்கு விலைமனுக் கோரும்போது, வெளித்தடிப்பை மட்டும் எழுதாமல் உருக்குத் தடிப்பையும் தரத்தையும் எழுதட்டும். வீடு கட்டுபவர்கள் அடுத்த முறை சீற் வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: பூச்சு நீங்கலாகத் தடிப்பு என்ன, தரம் 550-ஆ 300-ஆ, சுருளின் சோதனைச் சான்றிதழ் எங்கே. சான்றிதழ் காட்ட முடியாத சீற்றைப் படகில் ஏற்றாதீர்கள்.